கடைசி விமானத்துக்கு மூன்றாண்டு முன்பே காலியாகும் பட்டறை: நாசிக் ஓஜர் ஆலையின் ஆர்டர் இடைவெளி

நாசிக் நகரிலிருந்து மும்பை–ஆக்ரா நெடுஞ்சாலையில் வடகிழக்காக இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகப் போனால் ஓஜர் வரும். இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தின், அதாவது எச்ஏஎல்லின், போர் விமான ஆலை 1964 முதல் அங்கே இயங்குகிறது. அறுபது ஆண்டுகளாக இந்த ஆலைக்கு உண்மையில் வாடிக்கையாளர் ஒருவர்தான்: இந்திய விமானப்படை. ஆர்டர் வந்தால் ஆலைக்குள் மட்டுமல்ல, நாசிக்கின் சாத்பூர், அம்பட் தொழிற்பேட்டைகளிலுள்ள சிறு பட்டறைகளிலும் வேலை இருக்கும். வராவிட்டால் மாற்று வாடிக்கையாளர் என்று யாரும் கிடையாது. மிக்-29 அளவுள்ள விமானத்தின் இறக்கைப் பாகத்தைச் சந்தையில் வேறொருவருக்கு விற்க முடியாது.

இந்த ஆய்வு எடுத்துக்கொள்ளும் காலம் 2018 முதல் 2025 வரை. சுகோய்-30 எம்.கே.ஐ. விமானங்களின் பெரிய ஆர்டர் அப்போதுதான் முடிந்தது. அடுத்த ஆர்டர் வருவதற்குள் பல ஆண்டுகள் ஓடிவிட்டன. இத்தனை விமானம், இத்தனை ஆயிரம் கோடி என்று ஆர்டரின் அளவைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஓர் ஆலையில் வேலை தங்குமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அளவு அல்ல, கையெழுத்தாகும் தேதி. ஓஜரின் கதை அதைத் தெளிவாகக் காட்டுகிறது.

ஆலை அங்கே வந்த விதம்

1962 சீனப் போருக்குப் பிறகு மிக்-21 விமானத்தை இந்தியாவிலேயே கட்டும் திட்டம் உருப்பெற்றது. அதற்காக 1963 ஆகஸ்டில் ஏரோநாட்டிக்ஸ் இந்தியா என்ற தனி நிறுவனம் தொடங்கப்பட்டது. 1964 அக்டோபர் 1 அன்று அது பெங்களூரிலிருந்த இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தோடு இணைந்து எச்ஏஎல் ஆனது. வேலை மூன்று ஊர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. விமான உடல் நாசிக்கில், எஞ்சின் ஒடிசாவின் கோராபுட் மாவட்டத்து சுனாபேடாவில், மின்னணுக் கருவிகள் ஐதராபாத்தில்.

இந்தப் பிரிப்பில் தொழில்நுட்பக் காரணம் குறைவு. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஒய்.பி. சவாண் மகாராஷ்டிரத்தவர். 1963இல் நாசிக் தொகுதியிலிருந்து போட்டியின்றி மக்களவைக்குச் சென்றவர். ஒடிசாவின் முதல்வராக 1963 வரை இருந்த பிஜு பட்நாயக் எஞ்சின் ஆலையைத் தம் மாநிலத்தின் பின்தங்கிய மலைப்பகுதிக்குக் கொண்டுவர உழைத்தவர். தொழில் இல்லாத பகுதிக்குத் தொழிலைக் கொண்டுபோவது அன்றைய அரசின் கொள்கை. அது நியாயமான கொள்கை என்றே நினைக்கிறோம். ஆனால் ஆலையை அங்கே வைத்தவர்கள் ஒரு பொறுப்பையும் சேர்த்தே வைத்துவிட்டார்கள். பெங்களூரில் ஒரு பிரிவில் வேலை குறைந்தால் ஃபிட்டர் (பாகம் பொருத்தும் தொழிலாளி) அடுத்த பிரிவுக்கு மாறலாம், நகரத்தில் வேறு கம்பெனி தேடலாம். சுனாபேடாவில் அந்த வசதி இல்லை. அந்த மாவட்டத்தில் இதற்கு அடுத்த பெரிய வேலை இடம் என்றால் தாமன்ஜோடியிலுள்ள நால்கோ அலுமினா ஆலை.

முதல் இடைவெளியும் அதை அடைத்த விதமும்

ஓஜரில் 1987 வரை 657 மிக்-21 விமானங்கள் தயாராயின. பிறகு மிக்-27 வந்தது, 165 விமானங்கள். அந்த வரிசை 1990களின் பிற்பகுதியில் முடிந்தது. ரஷ்ய சுகோயை இங்கே கட்டும் உரிம ஒப்பந்தம் கையெழுத்தானது 2000 டிசம்பரில். ஆலையிலிருந்து முதல் சுகோய் வெளிவந்தது 2004 நவம்பரில். நடுவில் ஏழு ஆண்டுகளுக்கு இந்த ஆலை புது விமானம் எதையும் ஒப்படைக்கவில்லை.

அப்போது கதவு மூடப்படவில்லை என்பதற்குக் காரணம் மேம்பாட்டு வேலை. 125 மிக்-21 பிஸ் விமானங்களை பைசன் என்ற மேம்பட்ட தரத்துக்கு உயர்த்தும் திட்டத்தில் முதல் இரண்டு ரஷ்யாவில் செய்யப்பட்டன. மற்றவை நாசிக்கில். கூடவே மிக் ரகங்களின் ஓவர்ஹால் (முழுதும் பிரித்துப் பழுதுபார்த்தல்) தொடர்ந்தது. புதிய ரேடார், புதிய கம்பித் தொகுதிகள், விமானி அறை மாற்றம் என்று கைநிறைய வேலை இருந்தது.

ஆனால் எந்தக் கை நிறைந்தது என்று பார்க்க வேண்டும். மேம்பாட்டில் மின்கம்பி போடுபவருக்கும் கருவி பொருத்துபவருக்கும் வேலை உண்டு. கடைசல், ஃபோர்ஜிங் (அடித்து உருவாக்கிய உலோகக் கட்டி) செதுக்கல், தகடு இழுத்து வளைத்தல், பெரிய ஜிக்கில் (பாகங்களை அசையாமல் பிடிக்கும் சட்டத்தில்) ரிவெட் அடித்தல் இவற்றுக்கு வேலை மிகக் குறைவு. பழைய விமானத்தின் உடல் ஏற்கெனவே இருக்கிறதே. ஆகவே தலைக்கணக்கில் ஆட்கள் தப்பினாலும் உலோகம் செய்யும் பட்டறைகள் தேர்ச்சியை இழந்தன. இந்த வேறுபாடு அடுத்த இடைவெளியிலும் திரும்ப வரும்.

சுகோய்: கட்டம் கட்டமாக ஏறிய வேலை

2000இல் ஒப்பந்தமான 140, 2007இல் 40, 2012 டிசம்பரில் 42 என மொத்தம் 222 சுகோய்கள் உள்நாட்டில் கட்ட முடிவாயின. ரஷ்யாவிலிருந்து நேரடியாக வாங்கிய 50ஐயும் சேர்த்தால் 272.

உரிமத் தயாரிப்பு நான்கு கட்டங்களாக நடந்தது. முதல் கட்டத்தில் கிட்டத்தட்ட முழுமையான பகுதிகள் பெட்டியில் வரும். இங்கே இணைத்துச் சோதித்துப் பறக்கவிடுவது வேலை. ஒவ்வொரு கட்டத்திலும் உள்ளே செய்யும் பாகங்கள் கூடும். நான்காம் கட்டத்தில் மூலப்பொருளிலிருந்தே விமானம் உருவாகும். அந்த மூலப்பொருளும் ஒப்பந்தப்படி ரஷ்யாவிலிருந்துதான் வர வேண்டும். 486 கிலோ எடையுள்ள ஒரு டைட்டானியத் தண்டைச் செதுக்கிச் செதுக்கி 15.9 கிலோ எடையுள்ள வால்பகுதி உறுப்பு ஒன்று எடுக்கப்படுகிறது. இதில் இயந்திர நேரம் எவ்வளவு, வெட்டுக்கருவி எத்தனை தேய்கிறது, அதை நடத்துபவரின் கைத்தேர்ச்சி என்ன என்பதை நினைத்துப் பார்த்தால், நான்காம் கட்டம் ஊருக்கு எவ்வளவு வேலை தந்தது என்பது புரியும்.

இங்கே முதல் தவறு நடந்தது. நல்ல நோக்கத்தில் நடந்த தவறு. 140 விமானங்களை 2017–18 வரை நிதானமாகக் கட்டுவதுதான் முதல் திட்டம். விமானப்படையின் எண்ணிக்கை குறைந்துகொண்டே போனதால் 2014–15க்குள் முடிக்க வேண்டும் என்று அட்டவணை முன்னிழுக்கப்பட்டது. அதற்காக ஜிக்குகளும் இயந்திரங்களும் ஆட்களும் கூடுதலாகச் சேர்க்கப்பட்டன. விமானப்படையின் தேவை உண்மையானது, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மொத்த எண்ணிக்கையைக் கூட்டாமல் வேகத்தை மட்டும் கூட்டினால், ஆலை பெரிதாகும் அதே நேரத்தில் அது காலியாகும் நாளும் நெருங்கி வரும். பின்னால் வந்த 40, 42 என்ற ஆர்டர்கள் அந்த நாளைத் தள்ளிவைத்தன. 2012க்குப் பிறகு எதுவும் வரவில்லை.

எந்தப் பட்டறை எப்போது காலியாகிறது

இதுதான் இந்த விஷயத்தில் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்பட்ட பகுதி. விமான ஆலை ஒரே நாளில் காலியாவதில்லை. ஆற்றில் அணையை மூடினால் மேல் மடை முதலில் வறண்டு, கடைமடைக்குக் கடைசித் தண்ணீர் போய்க்கொண்டிருப்பது போலத்தான்.

இந்த ரக விமானத்துக்குத் திட்டமிடுவோர் எடுத்துக்கொள்ளும் தோராயக் கணக்கைப் பின்னோக்கிப் பார்க்கலாம். ஒப்படைப்பு நாளைச் சுழியம் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மூன்று மாதம் முன்னால் விமானம் பறப்புச் சோதனைக் கொட்டகைக்குப் போக வேண்டும். ஒன்பது பத்து மாதம் முன்னால் இறுதி இணைப்பு தொடங்கும். உடற்பகுதிகளையும் இறக்கைகளையும் சேர்ப்பது, எரிபொருள் தொட்டிகளில் கசிவு பார்ப்பது, சக்கரங்களை மடக்கி விரித்துச் சோதிப்பது எல்லாம் அதில் அடங்கும். பதினாறு முதல் பதினெட்டு மாதம் முன்னால் பெரிய பகுதிகள் ஜிக்கில் ஏறும். இரண்டு ஆண்டு முன்னால் தனிப் பாகங்கள் கடைசலிலும் தகட்டுப் பட்டறையிலும் இருக்கும். மூன்று ஆண்டு முன்னால் ஃபோர்ஜிங், டைட்டானியத் தகடு, சக்கர அமைப்பு போன்றவற்றுக்குக் கொள்முதல் ஆணை போயிருக்க வேண்டும்.

இந்த மூன்று ஆண்டு காகிதக் கணக்கு மட்டுமல்ல. உள்நாட்டு இலகுரகப் போர் விமானமான தேஜஸ் மார்க்-1ஏ, 83 எண்ணிக்கைக்கான ஒப்பந்தம் 2021 பிப்ரவரியில் கையெழுத்தானபோது முதல் ஒப்படைப்புக்குக் குறித்த காலம் 2024 மார்ச்.

இப்போது சுகோய்க்கு இதைப் பொருத்துவோம். கடைசி விமானங்கள் 2020–21 நிதியாண்டோடு முடிந்தன. அப்படியானால் கொள்முதல் பிரிவு வேலையின்றி நின்றது 2018 வாக்கில். கடைசல் பட்டறை 2019இல் கடைசி உருப்படிகளைச் செய்துகொண்டிருந்திருக்கும். வெளியிலிருந்து பார்த்தவருக்கு அப்போதும் ஓடுபாதையில் புது சுகோய்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. ஆலை நன்றாக ஓடுகிறது என்ற தோற்றம் கடைசி மாதம் வரை இருக்கும். தொழிற்பேட்டையின் சிறு பட்டறைக்காரர்தான் முதலில் அறிவார், ஏனென்றால் அவருக்கு அடுத்த தொகுதிக்கான விலைக்கேட்பு வராது. வேலையைக் காக்க நினைக்கும் எவரும் ஓடுபாதையைப் பார்ப்பதைவிட அந்த விலைக்கேட்பு வருகிறதா என்று கேட்பது மேல்.

நின்ற வரிசையில் கெட்டுப்போவது என்ன

பூட்டி வைத்த ஆலையை மறுபடி திறந்தால் ஓடும் என்று நினைப்பவர்கள் உண்டு. விமான வேலையில் அது நடப்பதில்லை.

டைட்டானிய வெல்டிங்கை எடுத்துக்கொள்வோம். ஆர்கான் வாயுச் சூழலில் செய்யும் வேலை. பின்பக்கத்தில் கொஞ்சம் காற்று பட்டாலும் இணைப்பு நீலம் பாய்ந்து நொறுங்கும் தன்மை அடையும். இத்தகைய வெல்டரின் தகுதிச் சான்று பொதுவாக ஆறு மாதம் அந்த வேலையைச் செய்யாவிட்டாலே காலாவதியாகிவிடும். மறுபடி மாதிரித் துண்டு வெல்ட் செய்து, எக்ஸ்ரே எடுத்து, வெட்டிப் பார்த்த பிறகுதான் விமானப் பாகத்தில் கைவைக்க முடியும். எரிபொருள் தொட்டியின் மூட்டுகளில் கசிவைத் தடுக்கப் பூசும் சீலண்டுக்கு ஆயுள் சில மாதங்கள்தான், இருப்பு வைத்துக் காத்திருக்க முடியாது. ஜிக்குகளை அவ்வப்போது அளந்து சரிபார்க்க வேண்டும். அடித்தளம் மில்லிமீட்டரில் ஒரு பங்கு இறங்கினாலும் இறக்கையும் உடலும் சேரும் துளைகள் ஒத்துவராது. அனோடைசிங் (உலோகத்தில் அரிப்புக் காப்புப் படலம் ஏற்றும்) தொட்டிகளின் கரைசல் ஓடாமல் நின்றாலும் கெடும்.

இவற்றையெல்லாம் பணம் போட்டு மீட்கலாம். ஆளை மீட்பது கடினம். ஐடிஐ முடித்துவந்த ஒருவர் தொட்டிக்குள் குனிந்து படுத்து, கண்ணால் பார்க்க முடியாத மூட்டில் கைத்தடவலால் சீலண்ட் பூசக் கற்க மூன்று நான்கு ஆண்டு ஆகிறது. அவர் வேறிடம் போய்விட்டால், அல்லது ஓய்வு பெறும் முன் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுக்கக் கையில் விமானம் இல்லாவிட்டால், அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

சிறு பட்டறைகளுக்கு இன்னொரு சிக்கல். ஒவ்வொரு பாகத்துக்கும் முதல் உருப்படிச் சோதனை தேர்ந்து, அரசின் விமானத் தர உறுதி இயக்ககம் ஏற்றுக்கொண்ட செயல்முறைப்படிதான் செய்ய வேண்டும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு இயந்திரம் மாறியிருந்தாலோ, ஆள் மாறியிருந்தாலோ, இடம் மாறியிருந்தாலோ அந்தச் சோதனையைப் புதிதாகச் செய்ய வேண்டும். பத்துப் பன்னிரண்டு உருப்படிக்காக அந்தச் செலவை ஏற்கப் பட்டறைக்காரர் தயங்குவார், ஏற்றாலும் விலையில் சேர்ப்பார்.

விலை ஏன் ஏறுகிறது

ஒரு விமானம் கட்ட ஆகும் உழைப்பு மணி, எண்ணிக்கை இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 15 முதல் 20 சதவீதம் குறையும் என்பது இந்தத் தொழிலின் பழைய பாடம். 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதல் விமானம் 100 மணி எடுத்த இடத்தில் 16ஆவது விமானம் 52 மணி எடுக்கும், 128ஆவது 32 மணி எடுக்கும். இடைவெளியால் ஆட்களின் தேர்ச்சி 16ஆவது விமானத்தின் நிலைக்குப் பின்வாங்கினால், அடுத்த விமானத்துக்கு 32க்குப் பதில் 52 மணி, அதாவது அறுபது சதவீதத்துக்கு மேல் கூடுதல்.

இதோடு மணி விகிதம் சேர்கிறது. எச்ஏஎல் விலை சொல்வது ஒரு மனித மணிக்கு இவ்வளவு என்ற கணக்கில். அந்த விகிதத்தில் ஆலையின் நிலைச்செலவு பங்கிடப்பட்டிருக்கும். எடுத்துக்காட்டாக நிலைச்செலவு ஆண்டுக்கு 100 கோடி என்போம். 40 லட்சம் மணி வேலை இருந்தால் மணிக்கு 250 ரூபாய் விழும். வேலை 10 லட்சம் மணியாகச் சுருங்கினால் 1,000 ரூபாய். ஆலையில் யாரும் சோம்பேறியாகவில்லை, ஆனால் மணி விலை நான்கு மடங்காகிவிட்டது. உயர்ந்த விலையைக் கண்டு வாங்குபவர் தயங்குகிறார். தயக்கத்தால் வேலை இன்னும் குறைகிறது. அடுத்த ஆண்டு விகிதம் இன்னும் ஏறுகிறது. “அரசு ஆலை என்றாலே விலை கூடுதல்” என்று பேசுவோர் இந்தச் சுழலில் எவ்வளவு பங்கு ஆர்டர் தேதியால் வந்தது என்று பிரித்துப் பார்ப்பதில்லை.

பணம் வரும் நேரமும் சேர்ந்ததே. 2019 ஜனவரியில், விமானப்படையிடமிருந்து வர வேண்டிய பாக்கி குவிந்த நிலையில், எச்ஏஎல் ஊழியர் சம்பளத்துக்காக வங்கியில் கடன் எடுத்தது. பெரிய நிறுவனத்துக்கு வங்கி கடன் தரும். அதன்கீழ் இருக்கும் இருபது ஆள் பட்டறைக்கு அதே மாதம் பில் பணம் வராவிட்டால் அவர் இயந்திரத்தை விற்பார்.

காத்திருந்த விமானம் வரவில்லை

சுகோய்க்கு அடுத்து என்ன என்பதற்கு ஓஜரில் ஒரு விடை இருந்தது. ரஷ்யாவோடு சேர்ந்து உருவாக்கவிருந்த ஐந்தாம் தலைமுறைப் போர் விமானம். 2007இல் அரசுகளிடையே உடன்பாடு, 2010 டிசம்பரில் முதற்கட்ட வடிவமைப்புக்கு 295 மில்லியன் டாலர் ஒப்பந்தம். கட்டும் இடமாக நாசிக் திட்டத்தில் இருந்தது. 2018இல் இந்தியா அதிலிருந்து விலகியது. விலகியதற்கு இராணுவக் காரணங்களும் விலைக் காரணங்களும் இருந்தன, அவை இந்த ஆய்வின் பொருள் அல்ல. ஆனால் ஆலையின் அடுத்த இருபது ஆண்டுத் திட்டம் ஒரே விமானத்தின்மீது வைக்கப்பட்டிருந்தது, மாற்றுத் திட்டம் கையில் இல்லை. விலகிய ஆண்டும் மூலப்பொருள் கொள்முதல் நின்ற ஆண்டும் ஒன்றே.

அதன்பின் நடந்தது தேதிவாரியாகப் பார்க்கத் தக்கது. விபத்துகளில் இழந்த சுகோய்களுக்கு ஈடாக 12 விமானம் வாங்கும் முன்மொழிவை, 10,730 கோடி ரூபாய் மதிப்பில், பாதுகாப்புக் கொள்முதல் குழு 2020 ஜூலை 2 அன்று ஏற்றது. அன்று இறுதி இணைப்புப் பட்டறை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது, கடைசல் பட்டறையின் ஆட்கள் இடம் மாறியிருக்கவில்லை. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாகவில்லை. 2023 செப்டம்பரில் அதே 12க்கு மறுபடி தேவை ஏற்பு, அதாவது வாங்கலாம் என்ற முதற்கட்ட அனுமதி, கொடுக்கப்பட்டது. ஒப்பந்தம் கையெழுத்தானது 2024 டிசம்பர் 12 அன்று. வரிகள், துணைக் கருவிகள் உட்பட சுமார் 13,500 கோடி ரூபாய், உள்நாட்டுப் பங்கு 62.6 சதவீதம்.

முதல் ஏற்புக்கும் கையெழுத்துக்கும் இடையே நான்கு ஆண்டு ஐந்து மாதம். விமானத்துக்கு ஏறக்குறைய 1,125 கோடி என்ற கணக்கை வைத்து எல்லாம் இடைவெளியால் ஏறியதே என்று சொல்லிவிடக் கூடாது. பணவீக்கம், நாணய மதிப்பு, கூடுதல் உள்நாட்டுக் கருவிகள், வரிகள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் தேவை மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை, கட்டும் இடம் மாறவில்லை. காகிதம் மட்டும் சுற்றியது. அந்த நான்கரை ஆண்டில் ஓர் ஆலையின் கைத்தேர்ச்சி தேய்ந்தது. இதை வேதனையோடுதான் எழுத வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவிலும் இதே பாடம்

அணைந்த வரிசையை மறுபடி ஏற்றுவதன் கடினத்தை வேறோர் ஆலையும் காட்டியது. தேஜஸுக்கான எஃப்404-ஐஎன்20 எஞ்சினை அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் செய்கிறது. முன்பு கேட்ட 65 எஞ்சின்களை 2016க்குள் கொடுத்து முடித்துவிட்டது. அடுத்த ஆர்டர், 99 எஞ்சின், 716 மில்லியன் டாலர், 2021 ஆகஸ்டில்தான் போனது. இடையில் ஐந்து ஆண்டு அந்த ரகத்தின் வரிசை நின்றுபோயிருந்தது. பாகம் செய்வோரை மறுபடி தேடிச் சேர்க்க வேண்டியிருந்தது. முதல் எஞ்சின் வந்தது 2025 மார்ச்சில். முதல் தேஜஸ் மார்க்-1ஏ ஒப்படைப்புக்குக் குறித்த நாள் அதற்கு ஓராண்டு முன்பே கடந்துவிட்டது.

உலகின் முன்னணி எஞ்சின் நிறுவனத்துக்கே ஐந்தாண்டு இடைவெளி இப்படிச் செய்ததென்றால் ஓஜரிலும் சாத்பூரிலும் என்ன எதிர்பார்க்க முடியும்? 97 தேஜஸ் ஒப்பந்தம் 2025 செப்டம்பர் 25 அன்று கையெழுத்தானது. அதற்கு 113 எஞ்சின் ஆர்டர் நவம்பரிலேயே போனது. இந்த முறை இடைவெளி விடப்படவில்லை.

தேஜஸ் வந்தது, எல்லா வேலையும் வரவில்லை

2025 அக்டோபர் 17 அன்று ஓஜரில் தேஜஸ் மார்க்-1ஏவின் மூன்றாவது வரிசையும் எச்டிடி-40 பயிற்சி விமானத்தின் இரண்டாவது வரிசையும் தொடங்கிவைக்கப்பட்டன. இங்கே இணைத்த முதல் தேஜஸ் அன்று பறந்தது. பெங்களூரின் இரண்டு வரிசைகளில் ஆண்டுக்கு 16, நாசிக்கில் 8, மொத்தம் 24 என்பது இலக்கு. பழைய சுகோய்க் கூடங்களும் அனுபவமுள்ள ஆட்களும் ஓடுபாதையும் ஏற்கெனவே இருந்ததால் புதிய ஊரில் ஆலை கட்டுவதைவிட இது மலிவு. நல்ல முடிவு.

ஆனாலும் இரண்டு விமானங்களின் வேலையும் ஒரே வகையல்ல. சுகோய் 22 மீட்டர் நீளமுள்ள உலோக விமானம். தேஜஸ் 13 மீட்டர், எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் கார்பன் இழைக் கலப்புப் பொருள். டைட்டானியச் செதுக்கலுக்கும் வெல்டிங்குக்கும் அதில் வேலை குறைவு. அதைவிட முக்கியம், தேஜஸின் பெரிய பகுதிகள் ஏற்கெனவே தனியாருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டவை. இறக்கைகளைக் கோயம்புத்தூரில் எல் அண்ட் டி செய்கிறது. நடு உடல் ஐதராபாத்தின் வெம் டெக்னாலஜிஸ். முன்னுடல் டைனமேட்டிக், பின்னுடல் ஆல்ஃபா டோகால், இரண்டும் பெங்களூர். நாசிக்கில் நடப்பது பெரும்பாலும் சேர்த்தல், கருவி பொருத்தல், சோதனை, பறப்பு.

கோயம்புத்தூருக்கு இது நல்ல செய்தி. அங்குள்ள இயந்திரத் தொழிலின் திறனுக்குப் பொருத்தமான வேலை. ஆனால் சாத்பூர் கடைசல் பட்டறைக்கு சுகோயின் நான்காம் கட்டம் கொடுத்த வேலையை தேஜஸ் இணைப்பு வரிசை திருப்பிக் கொடுத்துவிடாது. 97 விமான ஆர்டர் ஆறு ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 11,750 வேலை உருவாக்கும் என்று அரசு அறிவித்தது. 105 இந்திய நிறுவனங்கள் நேரடியாகப் பாகம் செய்யும். நாடு தழுவிய எண்ணாக அது வரவேற்கத் தக்கது. ஓர் ஊரின் வேலையைக் காப்பதற்கு அந்த எண் போதாது. எந்த ஊர், எந்தப் பட்டறை, எந்தக் கைவினை என்று பிரித்துப் பார்த்தால்தான் யாருக்கு வேலை தங்கியது, யாருக்குப் போனது என்று தெரியும்.

கோராபுட்டின் நிலை சற்று வேறு. விமான உடலைவிட எஞ்சினின் ஆயுள் குறைவு. விமானம் கட்டுவது நின்ற பிறகும் பறக்கும் சுகோய்களுக்கு எஞ்சின் தேவை. 2024 செப்டம்பரில் 240 ஏஎல்-31எஃப்பி எஞ்சினுக்கு 26,000 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஆண்டுக்கு 30 வீதம் எட்டு ஆண்டு. உள்நாட்டுப் பங்கு முடிவில் 63 சதவீதம் வரை உயர வேண்டும். ஆண்டுக்கு 60 வீதம் நான்கு ஆண்டில் முடித்துக் கைகழுவாமல் எட்டு ஆண்டுக்கு நிரவியதுதான் இந்த ஒப்பந்தத்தின் சிறப்பு. மாற்று வேலை இல்லாத ஊருக்கு ஒத்த வேகம் அது.

அடுத்த ஆர்டருக்கு முன் செய்ய வேண்டியவை

முதல் வேலை, பட்டறைவாரிச் சுமைப் பட்டியல். ஆலை மொத்தத்துக்கும் ஒரே எண் போடாமல் கொள்முதல், கடைசல், தகடு, வெல்டிங், கலப்புப் பொருள், ஜிக் இணைப்பு, இறுதி இணைப்பு, பறப்புக் கூடம் ஒவ்வொன்றுக்கும் காலாண்டு வாரியாக எத்தனை மணி வேலை கையில் இருக்கிறது என்று எழுத வேண்டும். எந்தப் பட்டறையின் கோடு முதலில் சுழியத்தைத் தொடுகிறதோ அந்தத் தேதிதான் அடுத்த ஒப்பந்தத்தின் கடைசி நாள். இறுதி இணைப்பின் கோட்டை வைத்துத் தேதி சொன்னால் மூன்று ஆண்டு ஏமாற்றம்.

ஒப்பந்தம் தாமதமாகும் என்று தெரிந்தால் முழுத்தொகைக்குக் காத்திராமல், மிக நீண்ட காலம் எடுக்கும் பொருள்களுக்கு மட்டும் முன்கூட்டி ஆணை தரலாம். ஃபோர்ஜிங், டைட்டானியம், சக்கர அமைப்பு, எஞ்சின். மொத்த விலையில் சிறு பங்குதான், ஆனால் மேல் மடையில் நீர் ஓடிக்கொண்டிருக்கும். இதில் ஓர் எச்சரிக்கை: ஆர்டர் கடைசியில் ரத்தானால் அந்தப் பொருள் தேங்கும். அதனால் உதிரிபாகமாகவும் ஓவர்ஹாலிலும் பயன்படக் கூடிய பொருள்களையே முன்கூட்டி வாங்க வேண்டும்.

மிச்சமிருக்கும் விமானங்களின் வேகத்தைக் குறைப்பது அடுத்த வழி. 24 விமானம் மிச்சமென்றால் ஆண்டுக்கு 12 வீதம் இரண்டு ஆண்டு, 8 வீதம் மூன்று ஆண்டு. மணி விகிதம் சற்று ஏறும், விமானப்படைக்குச் சில விமானங்கள் தாமதமாகும். ஆனால் முழுவதும் நின்று மறுபடி தொடங்கும் செலவைவிடக் குறைவு. இந்த முடிவைக் கடைசி ஆண்டில் எடுத்தால் பயனில்லை, கொள்முதல் நிற்கும் முன்பே எடுக்க வேண்டும்.

இட்டுநிரப்பும் வேலையைக் கைவினை பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். பைசன் காலத்தின் அனுபவம் அதுதான். 84 சுகோய்களை மேம்படுத்தும் திட்டத்துக்கு 2023 நவம்பரில் தேவை ஏற்பு கிடைத்தது. அது பெரிதும் ரேடார், மின்னணு, கம்பி வேலை. ஏர்பஸ் ஏ320 விமானப் பராமரிப்புக்கு 2024இல் நாசிக்கில் கூடம் அமைக்க உடன்பாடு ஏற்பட்டது, அது தகடு வேலைக்கும் சோதனைக்கும் ஆளெடுக்கும். கடைசலுக்கும் டைட்டானியத்துக்கும் பொருத்தமானது உதிரிபாக ஆர்டர்தான். 260 அளவில் பறந்துகொண்டிருக்கும் சுகோய்களுக்கு அது எப்படியும் தேவை. பல ஆண்டுக்குச் சேர்த்து ஒரே ஒப்பந்தமாக, மாதம்தோறும் சிறு தொகுதியாகப் போட்டால் சிறு பட்டறையின் முதல் உருப்படி ஒப்புதலும் காலாவதியாகாது, வெல்டரின் சான்றும் காலாவதியாகாது.

இந்த அளவுகோலைத் தேஜஸுக்கே பொருத்திப் பார்க்கலாம். 97 விமானங்களின் ஒப்படைப்பு 2027–28இல் தொடங்கி ஆறு ஆண்டு நடக்க வேண்டும். திட்டப்படி போனால் கடைசி விமானம் 2034 மார்ச் வாக்கில் வெளிவரும். மூன்று ஆண்டு பின்னோக்கினால் அடுத்த ஒப்பந்தம் 2031 மார்ச்சுக்குள் கையெழுத்தாக வேண்டும். அந்த 97க்குத் தேவை ஏற்பிலிருந்து கையெழுத்து வரை 22 மாதம் ஆயிற்று. 12 சுகோய்க்கு 53 மாதம். முதல் வேகத்தில் நடந்தால் தேவை ஏற்பு 2029 மே மாதத்துக்குள் வர வேண்டும். இரண்டாவது வேகம் என்றால் 2026 அக்டோபர்.